மூன்றாம் மெத்தைத் தூக்கம்

(ஞாயிறு ஆராதனை முடிந்து கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். கணவனின் கன்னத்தில் பைபிள் அட்டை விளிம்பின் தடம் இன்னும் மறையவில்லை.)

மனைவி: ஏங்க, பிரசங்கத்தில் பாதிக்கு மேல் தூங்கிவிட்டீர்கள்.

கணவன்: தூக்கமா? கண்ணை மூடித் தியானித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி: தியானத்தில் குறட்டை வருமா? முன் வரிசைக் குழந்தை பயந்து அழுதது.

கணவன்: தமக்குப் பிரியமானவனுக்குக் கர்த்தர் நித்திரை அளிக்கிறார் என்று பைபிளில் 127ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது. எனக்கு அதைப் பிரசங்க நேரத்தில் அளிக்கிறார். நான் என்ன செய்ய?

மனைவி: யோனா தீர்க்கதரிசியும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். அப்புறம் மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்தான்.

கணவன்: அது தூங்கியதற்கு இல்லை. கர்த்தர் நினிவேக்குப் போகச் சொன்னால் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியதற்கு. நான் சொன்ன இடத்துக்கு ஒழுங்காக வந்தேன். வந்துதான் தூங்கினேன்.

மனைவி: ஆக, தூங்கினீர்கள்.

கணவன்: அட, அப்போஸ்தலர் பவுல் பேசும்போதே ஒருவன் தூங்கியிருக்கிறான்! துரோவா பட்டணத்து ஐத்திகு. மேல்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். பவுலோ நடுராத்திரி வரை பேசுகிறார். அறை நிறைய விளக்கு. அந்தச் சூட்டில் யாருக்குத்தான் கண் சொருகாது? மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மூன்றாம் தளத்திலிருந்து, கீழே விழுந்தான்.

மனைவி: செத்தே போனான். அதையும் சொல்லுங்கள்.

கணவன்: பவுல் இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார், பிழைத்துவிட்டான். ஏன் தூங்கினாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

மனைவி: மறுபடி மேலே ஏறி வந்து என்ன செய்தார்?

கணவன்: அப்பம் பிட்டுச் சாப்பிட்டார்.

மனைவி: அப்புறம்?

கணவன்: (குரல் இறங்கி) விடியும் வரை பேசினார்.

மனைவி: ஆள் விழுந்து செத்துப் பிழைத்தும் பேச்சு நிற்கவில்லை. உங்கள் குறட்டைக்கா நம் போதகர் நிறுத்துவார்? இன்று அவர் எடுத்த பகுதியே இந்தக் கதை வரும் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம்தான்.

கணவன்: ஐத்திகுவா?

மனைவி: அவனேதான். 'நம் நடுவிலும் ஓர் ஐத்திகு இருக்கிறார்' என்றதும் சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நல்லவேளை, தரைத்தளம்.

கணவன்: குற்றம் பெஞ்சுடையது! பழைய காலத்து ஆலயங்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டேதான் வழிபட்டார்கள். லூதர் காலத்துத் திருச்சபைச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பிரசங்கம் நீண்டது, பெஞ்சும் பரவியது. சாய வசதி செய்து கொடுத்துவிட்டுத் தூங்காதே என்றால்?

மனைவி: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பவே நீளக் கோலோடு சம்பள ஆள் வைத்திருந்தார்கள். நான் அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன். பாருங்கள், முழங்கை சிவந்துவிட்டது.

கணவன்: என் விலாவைப் பார். ஆதாம் தூங்கி எழுந்தபோது விலா எலும்பு ஒன்றுதான் குறைந்தது.

மனைவி: சரி சரி, வீட்டுக்குப் போனதும் படுங்கள். குடிக்கக் கொஞ்சம் பால் தரவா?

கணவன்: (சட்டென்று நின்று) பாலா? பைபிளில் போரில் தோற்று ஓடிவந்த படைத்தலைவன் சிசெரா தண்ணீர்தான் கேட்டான். கூடாரத்தில் இடம் கொடுத்த யாகேல் என்ற பெண் பால் கொடுத்து, போர்த்தியும் விட்டாள். அவன் அயர்ந்ததும் நெற்றிப்பொட்டில் கூடார ஆணி!

மனைவி: நம் வீட்டில் கூடாரம் ஏது?

கணவன்: ஆணி இருக்கிறதே.

மனைவி: காலண்டர் மாட்ட அதை அடித்துத் தரச் சொல்லி எத்தனை நாளாகிறது? இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. சுத்தியலும் பக்கத்திலேயே.

கணவன்: இன்று எனக்குத் தூக்கமே வராது. வா, முதலில் போய் அதை அடித்துவிடுகிறேன்.