குமிழ் என் கையில்தான் இருக்கிறது

பழைய தீமிதி கேசட்டை ஸ்டூடியோவில் கொடுத்துப் புதுசாக்கிய பதிவை ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் போட்டபோது நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. 'அண்ணனுக்கு எதுலயும் ஒரு குறை' என்று வாட்சாப் குழுவில் வந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் கூடிவிட்டது என்பதல்ல என் வருத்தம். சத்தம் அதிகமென்றால் நானே குறைத்துக்கொள்வேன், போதவில்லை என்றால் கூட்டிக்கொள்வேன். குமிழ் என் கையில் இருக்கிறது. மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பிரித்தெடுக்க என்னிடம் எந்தக் குமிழும் கிடையாது.

அது 1988 தீமிதியில் எடுத்த கேசட். ரப்பர் தோட்டத்தில் இன்னும் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த காலம். கோவிலுக்கு லைட்டு கட்டும் மாமா, டெக்கில் முள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே அளவு வைத்து எடுத்தார். முதலில் அப்பாவின் தவிலும் சித்தப்பாவின் நாயனமும். பிறகு எல்லாம் அடங்கி, பாட்டி அம்மனுக்குத் தாலாட்டு பாடுவார். பல் போன வாயிலிருந்து வரும் சின்னக் குரல். அது முடிந்த கையோடு உறுமி இறங்கும். அந்த இடத்துக்காகவே பிள்ளைகள் தூங்காமல் உட்கார்ந்திருப்போம். தாலாட்டு அவ்வளவு மெல்லிசாக இருந்ததால்தான் உறுமி வயிற்றுக்குள் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்டோம்? பாட்டியின் தாலாட்டு உறுமி அளவுக்குக் கத்தியது. உறுமி வந்தபோது ஒன்றுமே நடக்கவில்லை, ஏற்கெனவே எல்லாம் உச்சியில் இருந்தது. பாட்டி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல ஏறி வந்தது. அவர் பாடத் தொடங்கியதும் பின்வாங்கியது. திரும்ப ஏறியது.

தாலாட்டு தொடங்கும் முன் அப்பா விரலில் இருக்கும் தவில் கூடுகளைக் கழற்றி, பக்கத்தில் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் ஒவ்வொன்றாகப் போடுவார். வெறும் விரல் நுனியால்தான் பாட்டிக்கு வாசிப்பார். கூடு டின்னில் விழும் சத்தம் கேசட்டில் இருக்கிறது. காதைத் தீட்டிக் கேட்டால்தான் பிடிபடும், 'டக்... டக்...' என்று. அப்பா 2009ல் போய்விட்டார். அவர் கை அசைவது எனக்கு அந்தச் சத்தத்தில்தான் இன்னும் இருக்கிறது. மண்டபத்தில் அது கதவை அறைந்ததுபோல் விழுந்தது. பின் வரிசையில் இருந்த பையன் 'என்ன எரர் அது?' என்று கேட்டான். நான் எழுந்து போனது அப்போதுதான்.

நடந்தது என்ன என்று மகனின் லேப்டாப்பில் இரண்டின் ஒலி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேசட்டிலிருந்து நேரே ஏற்றியதில் மேடும் பள்ளமும் தெரிகிறது. தாலாட்டு வரும் இடம் நூல்போல ஓடுகிறது. புதியதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனமான பட்டை. எனக்கு உடனே தோட்டத்து ரப்பர் ஸ்டோர் ஞாபகம்தான் வந்தது. உறைந்த ரப்பர் பாலை உருளையில் விட்டு அந்தப் பக்கம் ஷீட்டாக இழுப்பார்கள், எந்த மூலையைத் தொட்டாலும் ஒரே கனம் இருக்க வேண்டும். ரப்பருக்கு அது சரி.

டிஜிட்டலில் பூஜ்ஜியம் டெசிபல் என்பது மோட்டுவளை. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட ஏற முடியாது. அதனால் சராசரியை உயர்த்த வேண்டுமானால் ஒரே வழி, உச்சியை லிமிட்டரால், அதாவது சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவியால், வெட்டிவிட்டு அடியில் இருப்பதை மேலே தூக்குவது. தவிலில் விழும் அடி என்பதே அந்த உச்சிதான். அதை வெட்டினால் மிச்சம் இருப்பது அட்டைப்பெட்டி சத்தம். 1982ல் சிடி வந்தபோது 16 பிட்டில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் அளவுக்கு இடம் கொடுத்தார்கள். சாதாரண கேசட்டில் அதில் பாதி சொச்சம்தான். அந்தக் குறுகலான இடத்துக்குள் எங்கள் மாமா பாட்டியையும் உறுமியையும் பிரித்து வைத்தார். அவ்வளவு பெரிய இடத்தை வைத்துக்கொண்டு ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரையும் மோட்டுவளையோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்து இல்லை. 2008ல் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆல்பம் வந்தபோது, வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் சிடியைவிட நசுங்காமல் இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்து, மறுபடி மாஸ்டர் செய்யச் சொல்லி, அதாவது கடைசி ஒலி அளவைத் திருத்தி அமைக்கச் சொல்லி, ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். கர்ண கடூரமான கிட்டார் கேட்கிறவர்களே 'எங்களுக்கு மூச்சு விட இடம் கொடு' என்று கேட்டிருக்கிறார்கள். நான் தாலாட்டுக்குக் கேட்கக் கூடாதா?

'எல்லாரும் கைதட்டினாங்களே' என்கிறீர்கள். தட்டுவார்கள். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தம் கூட்டிப் போட்டால் அதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும். சத்தம் குறைந்தால் அடித்தொனியும் மேல்தொனியும் காதில் சரியாக விழாது என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். அதன் பிறகு கைதட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

'கார்ல கேட்கணும்ல, போன்ல கேட்கணும்ல' என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லாரி போகும்போது பாட்டியின் குரல் கேட்காது. கொஞ்சம் தூக்கியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஏற்றினால் அது தானாகவே எல்லாவற்றையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சராசரி சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். யூடியூப்பும் சத்தம் மிஞ்சியதைக் கீழே இறக்கித்தான் ஒலிக்கவிடும். அப்படியானால் நசுக்கி என்ன மிஞ்சியது? அவர்கள் சத்தத்தை இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியதுதான்.

'நீங்க என்ன சவுண்டு எஞ்ஜினியரா?' இல்லை. தவில்காரன் மகன். லயத்து வாசலில் அப்பா சாதகம் பண்ணும்போது, கூடு போட்ட அடிக்கும் போடாத அடிக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லி என் முதுகை அவர் பக்கம் திருப்பி உட்கார வைப்பார். எனக்கு எட்டு வயசு. தப்பாகச் சொன்னால் அன்றைக்குக் கடைக்குக் காசு கிடையாது. அந்தக் காதுதான் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது.

பொறாமை என்று எழுதியவருக்குப் பதில் இல்லை. ஸ்டூடியோ செலவுக்கு ஆளுக்கு 20 ரிங்கிட் போட்டதில் நானும் போட்டேன்.

இப்போதெல்லாம் எதிலும் இப்படித்தான் ஆகிவிட்டது. போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். பக்கத்தில் உட்கார்ந்த அத்தையை மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறேன், ஸ்பீக்கர் சத்தத்தில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்க முடியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்றும், 100 டெசிபல் என்றால் 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றும் வேலையிடங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருந்தார்.

ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களம் இருந்த இடம் எதுவென்று என் மகனுக்குக் காட்டப் போய் எனக்கே தெரியவில்லை. பாட்டிக்கு ஒரு போட்டோகூட இல்லை. அந்தக் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்பதுதான் நம்மிடம் மிச்சம். அதையும் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அது பாட்டி இல்லை.

நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யூடியூப்பில் இருப்பதை எடுத்துவிட்டு, கேசட்டிலிருந்து நேரே ஏற்றியதைப் போடுங்கள். இரைச்சலோடு இருக்கட்டும். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டால் நானே வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

அசல் கேசட் என் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் போடுவேன். வருகிறவர்கள் வாருங்கள். தாலாட்டு வரும்போது காற்றாடியை நிறுத்திவிடுவேன், கொஞ்சம் புழுக்கமாக இருக்கும்.