பயந்தால் உங்கள் கால் என்ன செய்யும்?

போன ஞாயிற்றுக்கிழமை லீட்ஸிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிற கார் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று 2003ஆம் வருடத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. இன்னொன்று அதே வருடத்து டொயோட்டா எம்ஆர்2. இரண்டிலும் 1.8 லிட்டர் எஞ்சின், இரண்டையும் பின்சக்கரங்கள்தான் தள்ளும், எடையும் ஒரு டன்னைச் சுற்றியே இருக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"மாமா, எஞ்சின் நடுவுல இருந்தாதானே நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்? எம்ஆர்2-வையே எடுத்துடட்டுமா?" என்றான்.

பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். "வளைவுல போறப்போ திடீர்னு பயம் வந்தா உன் கால் என்ன செய்யும்?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

எம்எக்ஸ்-5இல் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதிலும் முன்சக்கர அச்சுக்குச் சற்றே பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிகிறது. எம்ஆர்2இல் எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மட்டும் மூக்கில். பாதிக்கும் மேலான எடை பின்சக்கரங்களின் மீதுதான்.

இதனால் என்ன ஆகும்? தண்ணீர் நிறைந்த இரண்டு வாளிகளை இரண்டு கைகளிலும் எட்டப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், உடம்பு மெதுவாகத்தான் திரும்பும். அதே தண்ணீரைக் குடத்தில் எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த மாத்திரத்தில் திரும்பிவிடலாம். நடு எஞ்சின் கார் இடுப்பில் குடம் வைத்த மாதிரி. ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தாலே மூக்கு அந்தப் பக்கம் போய்விடும். முதல்முறை ஓட்டுகிறவருக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. ஆனால் டயரின் பிடி விட்டுப்போனால் கார் சுழல்வதும் அதே சுறுசுறுப்போடுதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஷெஃபீல்டில் ஒரு நண்பரிடம் எம்ஆர்2 இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதச் சாயங்காலம், "நீயும் ஓட்டிப் பாரேன்" என்று சாவியைக் கொடுத்தார். காலையிலிருந்தே தூறல். ஒரு ரவுண்டபவுட்டுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்தேன். வேகம் ஒன்றும் பெரிதில்லை. பாதி வளைவில் எதிரே ஒரு வேன் தயங்கி நின்றது. நான் பயந்தேன். என் கால், நான் சொல்லாமலே, ஆக்ஸிலேட்டரிலிருந்து மொத்தமாக எழுந்துவிட்டது.

அவ்வளவுதான். எடையெல்லாம் முன்பக்கம் சாய, பின்டயர்கள் லேசாகிவிட்டன. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கவேண்டிய நேரத்தில்தான் அவற்றின் பிடி போயிற்று. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கை அசைவதற்குள் கார் ஒரு அரைவட்டம் போட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்துபோயிருந்தது. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அடியில்லை, எதன்மீதும் மோதவில்லை. நண்பர் என் தோளில் கைவைத்து, "பரவாயில்லை, மெதுவா எடு" என்றார். எனக்குக் கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அதே தப்பை என்னுடைய எம்எக்ஸ்-5இல் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். பின்பக்கம் வழுக்கத்தான் செய்யும். ஆனால் முதலில் இருக்கையின் வழியாக இடுப்புக்கு ஒரு சேதி வரும். அப்புறம் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் கை ஸ்டீயரிங்கைத் திருத்திவிடும். ஏழு வருடமாக மழையிலும் பனியிலும் இந்தக் காரோடுதான் கற்றுக்கொண்டேன். மாஸ்டாக்காரர்கள் இந்தக் காரைப் பற்றிப் பேசும்போது 'ஜின்பா இத்தாய்' என்று ஜப்பானிய மொழியில் சொல்வார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாகிவிடுவது என்று அர்த்தம். விளம்பரத்துக்காகச் சொன்னாலும் அது உண்மை.

அதனால் எம்ஆர்2 மோசமான கார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விலைக்கு நடு எஞ்சின் கார் கிடைப்பதே அபூர்வம். பெயரிலேயே இருக்கிறது, 'மிட்ஷிப் ரன்அபவுட் 2-சீட்டர்' என்பதன் சுருக்கம்தான் எம்ஆர்2. 1984 முதல் 2007 வரை மூன்று தலைமுறை வந்தது. மலைப்பாதையில், காய்ந்த ரோட்டில், காலைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தெரிந்தவர் அதை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்னேக் பாஸ் சாலையின் வளைவுகளில் அந்த நண்பர் போகிற அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுவார், வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரில் கால் ஒரே சீராக இருக்கும். அந்தப் பழக்கம் கைவந்தவருக்கு நான் எம்ஆர்2-வைத்தான் சொல்வேன்.

சரி, இவை இருபது வருடத்துக்கு மேல் பழைய கார்கள். என்னதான் ஓட்டச் சுகமாக இருந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது. எம்எக்ஸ்-5க்கு எமன் துருதான். இங்கே இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள். மழைத்தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் அங்கேதான் உள்ளிருந்து அரிக்கும். இந்த இரண்டாம் தலைமுறைக் காரில் முன்பக்கச் சட்டமும் இரட்டைத் தகட்டுக்கு நடுவே துருப்பிடிக்கும். மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள்.

எம்ஆர்2இல் பெல்ட் கவலை இல்லை, செயின்தான். அங்கே பயம் வேறு. புகைபோகும் மேனிஃபோல்டுக்குள்ளேயே, புகையைச் சுத்தம் செய்ய இரண்டு சின்ன கேட்டலிஸ்டுகள் இருக்கும். வயதானால் அவை பொடிந்து, அந்தப் பொடி எஞ்சினுக்குள்ளேயே திரும்பி உறிஞ்சப்படும். உள்ளே போனால் எஞ்சின் காலி. இந்தத் தலைமுறையின் ஆரம்ப வருடத்து எஞ்சின்கள் ஆயில் குடிக்கும் பழக்கமும் உள்ளவை. ஆகவே ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் ஒரு எம்ஆர்2-வையும் வாங்காதீர்கள். மேனிஃபோல்டை மாற்றியிருந்தால் அது நல்ல சேதி.

எது வாங்கினாலும் நம்பர் பிளேட்டைக் கொண்டு பிரிட்டன் அரசின் தளத்தில் பழைய எம்ஓடி பரிசோதனை (கார் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருடந்தோறும் பார்ப்பது) விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எதற்காகத் தோற்றது, மைல் கணக்கு எப்படி ஏறியது, 'துரு' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள், எல்லாம் இருக்கும். விற்பவர் பேச்சைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

சாமான் வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. எம்எக்ஸ்-5இன் டிக்கியில் இரண்டு பேரின் வாரக்கடைசிப் பைகள் அடங்கும். எம்ஆர்2இல் முன்மூடியைத் திறந்தால் ஸ்பேர் சக்கரம்தான் உட்கார்ந்திருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் பூட்டுகிற மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவே. அக்காவைப் பார்க்க வருகிறவன் அவள் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்களை எங்கே வைப்பான்?

உதிரிபாகத்திலும் எம்எக்ஸ்-5க்குத்தான் வசதி. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் தயாரிப்பு எண்ணிக்கை 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு ஓடுகிற காருக்குப் பாகம் கிடைக்காமல் போகாது.

இதையெல்லாம் சுருக்கி அன்றைக்கே ராத்திரி அவனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "மாமா, நேத்து பழைய ஃபியஸ்டாவுல போறப்போ நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. கால் தானா எழுந்துடுச்சு."

சனிக்கிழமை இருவரும் மாஸ்டாவைப் பார்க்கப் போகிறோம். நல்ல வெளிச்சமாக ஒரு டார்ச்சும், காருக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு பழைய சாக்கும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.