12 ஆண்டு குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கா? இல்லை

"ஒரே வீட்டில் 12 ஆண்டு வாடகைக்கு இருந்தால் வீடு அவருக்கே சொந்தம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் (வழக்குத் தொடரக் காலக்கெடு வைக்கும் சட்டம்) சொல்லும் 12 ஆண்டு, உரிமையாளரின் உரிமையையே மறுத்து, அவருக்கு எதிராகச் சொத்தை வெளிப்படையாக அனுபவித்து வருபவர் தொடர்பானது. வாடகைதாரர் அனுமதியோடு குடியிருப்பவர். அவர் கொடுக்கும் வாடகையே அதற்குச் சான்று. வெறுமனே எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் வீடு கைமாறாது.

இந்தப் பயத்தில் வீட்டு உரிமையாளர்கள் நல்ல குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியுங்கள். சட்ட வாசகம் ஒன்றிய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.