இ.ஓ.ஐ. இன்டரப்ட் கோட்டை இறக்காது

மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர்; அந்த மெய்நிகர் கணினியில் ஓடும் இயங்குதளம் கெஸ்ட். சாதனம் ஒன்று கவனம் கேட்டு இன்டரப்ட் கோட்டை உயர்த்தும்; அதைக் கவனித்து முடித்ததாக கெஸ்ட் எழுதும் அறிவிப்புதான் இ.ஓ.ஐ. (End of Interrupt). "கெஸ்ட் இ.ஓ.ஐ. எழுதியதும் ஹைப்பர்வைசர் இன்டரப்ட் கோட்டை இறக்கிவிட்டால் போதும்" என்று சொல்வது தவறு. லெவல் முறையில், கோடு உயர்ந்திருக்கும் வரை கோரிக்கை நிலுவையில் இருப்பதாகப் பொருள்; அந்தக் கோட்டை இறக்குவது சாதனத்தின் வேலை. இ.ஓ.ஐ. வந்தால் ஐ.ஓ.ஏபிக் (இன்டரப்ட்களைச் செயலிக்கு அனுப்பும் சிப்) பதிவில் 14-ஆம் பிட்டான ரிமோட் ஐ.ஆர்.ஆர். (செயலி ஏற்ற இன்டரப்ட் இன்னும் முடியவில்லை என்பதன் குறி) அழியும், அவ்வளவுதான். கோடு அப்போதும் உயர்ந்தே இருந்தால் இன்டரப்ட்டை மறுபடி செலுத்தியாக வேண்டும்.

ஒரே கோட்டை டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இ.ஓ.ஐ. வந்ததும் ஹைப்பர்வைசரே கோட்டை இறக்கினால், டிஸ்க்குக்கான இ.ஓ.ஐ. வந்ததும் கார்டின் கோரிக்கையும் சேர்ந்து காணாமல் போகும். கெஸ்ட் காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும்.

மடை திறந்தாற்போல் இன்டரப்ட் கொட்டுவதுதான் கவலை என்றால், லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம். செய்வதைப் பாருங்கள்: இ.ஓ.ஐ. வந்த பிறகும் கோடு உயர்ந்தே இருப்பது தொடர்ந்து 10,000 முறை நடந்தால், அடுத்த செலுத்தலை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு தள்ளிப்போடுகிறது. அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன்; ஆனால் கோரிக்கை எதுவும் தொலைவதில்லை.