பில் கட்டினால் ஆறும் உங்களுடையதா?

எங்கள் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். குழுவில் இல்லாதவர்களுக்கும் யாரோ ஒரு புண்ணியவான் படம்பிடித்து அனுப்பிவிட்டார். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. "விடுங்கள் அக்கா, பக்கத்து வீடு, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டாமா" என்று தனியாக எழுதியவர்களுக்கு நன்றி. விட்டுத்தான் பார்த்தேன். தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவோம் என்று நான் போட்ட படத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிய அந்த ஒரு வரி மட்டும் நெஞ்சை விட்டு இறங்க மறுக்கிறது.

"நான் பில் கட்டுகிறேன். என் தண்ணீர். உங்களுக்கு என்ன?"

அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். படித்தவர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லித் தருபவர்கள் எல்லாருடைய கட்டைவிரலும் அதில் இருந்தது.

நிதானமாகவே சொல்கிறேன். பில் கட்டுவதால் தண்ணீர் உங்களுடையது ஆகிவிடாது. நாம் கட்டுவது கூலி. ஆற்றிலிருந்து இறைத்து, கசடு நீக்கி, குளோரின் கலந்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாக இந்தப் பினாங்குத் தீவுக்கு அனுப்பி, உங்கள் வீட்டுக் குழாயைத் திருகினால் கொட்டும்படி செய்கிற வேலைக்கான கூலி. ஆற்றுக்கு இதுவரை யாரும் விலை போடவில்லை. போட்டால் உங்களாலும் கட்ட முடியாது, என்னாலும் கட்ட முடியாது.

அந்த ஆறு எது என்றாவது தெரியுமா? பினாங்கு குடிக்கிற தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அது பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடா காட்டுப் பக்கம். வறட்சியில் ஆறு இளைத்தால், சீக் பக்கத்துப் பெரிஸ் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டுத்தான் சமாளிக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே தடுப்பணை மட்டும் இல்லையென்றால், உப்புநீர் மேலேறி வந்துவிடும். கெடா அரசு இந்த நீருக்காக ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி (ரிங்கிட்) கேட்டது. ஆறு தானாக ஓடி வருகிறது, எல்லையில் ஓடும் அதில் எங்களுக்கும் பாத்தியதை உண்டு, காசு எதற்கு என்று பினாங்கு மறுத்தது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது சின்னக் கேள்வி. அந்தக் காட்டில் மரம் நிற்பதற்காக நம் பில்லில் ஒரு காசாவது இருக்கிறதா? இல்லை. பிறகு "என் தண்ணீர்" எங்கிருந்து முளைத்தது?

அன்று காலை நான் குழுவில் போட்டது ஆயர் ஈத்தாம் அணையின் படம். அங்கே நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் புரியும். நீர் நிறைந்திருக்கும் காலத்தில் புல்லும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இறங்க ஆரம்பித்தால் இரண்டுக்கும் நடுவே செம்மண் ஒரு பட்டையாகத் தெரியும். அன்றைக்கு அந்தப் பட்டை ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது, வெடிப்புகளும் விழுந்திருந்தன. 1962இல் கட்டிய சின்ன அணை அது. 1999இல் தெலுக் பாஹாங் அணை வந்தது. மிகப் பெரிய மெங்குவாங் அணை இருப்பது அக்கரையில், தீபகற்பப் பக்கம். தீவுக்குள் நம் கையிருப்பு அவ்வளவுதான். படத்தின் கீழே "கொஞ்ச நாளைக்குச் சிக்கனமாக இருப்போம்" என்று எழுதினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதற்கு நான் என்ன செய்ய?

அதற்கு முந்தைய மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கார் கழுவிக்கொண்டிருந்தார். கழுவட்டும், யார் வேண்டாம் என்றது? தொலைபேசி அடித்தது, உள்ளே போனார். பச்சை ரப்பர் குழாய் சிமெண்டுத் தரையில் கிடந்து, தண்ணீரின் வேகத்தில் வாலை ஆட்டிக்கொண்டே கால்வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. சோப்பு நுரை என் வாசல் வரை வந்தது. அரை மணி நேரமாவது இருக்கும். சாதாரண வீட்டுக் குழாய் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொண்டாலும் 450 லிட்டர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டர் போதும் என்று நீர்த்துறையினர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பினாங்குவாசி ஒருவருடைய வீட்டுப் புழக்கம் 270 லிட்டரைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. நாட்டிலேயே அதிகமாகப் புழங்குகிறவர்களின் வரிசையில் நாம் இருக்கிறோம். இதில் மட்டும் முதலிடத்துக்குப் போட்டி.

ஏன் இப்படி? மலிவு. 2024 பிப்ரவரிக்கு முன்பு வரை, பல ஆண்டுகளாக, மாதத்தில் முதல் 20,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 22 காசுதான் கட்டிக்கொண்டிருந்தோம். ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடிக்கிற இரண்டு வெள்ளிக்கு ஒன்பதாயிரம் லிட்டர். அந்த பிப்ரவரியில் தீபகற்பம் முழுக்க வீட்டுக் கட்டணத்தைக் கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, சராசரி 22 காசு ஏற்றியபோது இதே குழுவில் எழுந்த ஒப்பாரியை நான் மறக்கவில்லை. தே தாரிக் விலை ஏறியபோது யாரும் மூச்சுவிடவில்லை.

"விலையை ஏற்றினால் ஏழைகள் என்ன செய்வார்கள்" என்று உடனே வருவீர்கள். ஏழைகள் மேல் உங்களுக்கு இவ்வளவு கரிசனம் இருப்பது மகிழ்ச்சி. ஏழை வீட்டில் இரண்டு கார் இல்லை, புல்தரை இல்லை, மீன் தொட்டி இல்லை. மாதம் 35,000 லிட்டருக்கு மேல் போகிற வீடுகளுக்குத்தான் 2010இல் பினாங்கில் சிக்கனக் கூடுதல் கட்டணம் வந்தது. அந்த வழியை இன்னும் கடுமையாக்கட்டும் என்கிறேன். குறைவாகப் புழங்குகிறவன் குறைவாகவும், கால்வாய்க்கு ஊற்றுகிறவன் அதிகமாகவும் கட்டட்டும்.

"தினம் மழை பெய்கிற நாடு" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வடக்கே வானம் எப்படி இருக்கும் என்று எட்டிப் பாருங்கள். மழை பெய்கிறபோது கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தோம்பு (பெரிய பீப்பாய்) வைத்தவர் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்றும் பாருங்கள்.

"தொழிற்சாலைகளைக் கேட்கத் துணிவில்லை, வீட்டுக்காரனை மட்டும் மிரட்டுகிறீர்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இது நியாயமான கேள்வி. பாயான் லெப்பாஸில் சிப்புத் தொழிற்சாலை ஒன்றில் நானே நெடுங்காலம் உற்பத்திப் பிரிவில் நின்றவள். சிப்பு செய்கிற ஒரு சின்ன சிலிக்கான் வில்லையைக் கழுவ எத்தனை முறை தண்ணீர் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் போதாது, அதை மேலும் வடித்து, உப்பின் சுவடுகூட இல்லாமல் ஆக்க வேண்டும். இப்போது அக்கரையில் பத்து காவான் என்ற ஊரிலும் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. முதலீடு வருகிறது என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பேச்சு பத்தாண்டுகளைத் தாண்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. கசிவும் அப்படித்தான். சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிற நாடு இது. பினாங்கின் நிலை அதைவிடப் பரவாயில்லை என்பதால் மார்தட்டிக்கொள்ள முடியாது. இதையெல்லாம் நானும் கேட்கிறேன், கேட்டிருக்கிறேன். ஆனால் தம்பி, குழாய் உடைந்து ஒழுகுவதை ஒரு நாள் யாராவது வந்து அடைப்பார்கள். வேண்டுமென்றே திறந்து விட்டுவிட்டு உள்ளே போகிறவரை யார் வந்து அடைப்பது? ஊரில் திருடன் இருக்கிறான் என்பதற்காக நானும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் பிறகு வந்தது அந்த இரண்டாவது செய்தி. அதைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள், சற்று நேரத்தில் அழித்துவிட்டார். "தோட்டத்துப் புத்தி போகாது" என்றார். ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

ஆமாம், ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தேன். செபராங் பிறை தெற்கில், லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வரிசைக்கு ஒரு பொதுக்குழாய். காலையில் கொஞ்ச நேரம், பால்வெட்டு முடிந்து வந்த பிறகு கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வரும். அம்மா வெட்டுக்குப் போவதற்கு முன் இருட்டிலேயே வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் பிள்ளைகள் அந்த வாளிகளுக்குக் காவல். ஒருவர் வாளியை நகர்த்திவிட்டால் லயமே இரண்டுபடும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும், துணி அலசிய தண்ணீர் வாசல் கழுவப் போகும். இதற்கு யாரும் எங்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுப் பின்கட்டில் மட்டும் எந்த நேரமும் குழாய் திறந்தே இருக்கும், செடிகளுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை நான். என்றைக்காவது நம் வீட்டிலும் இப்படிக் குழாயைத் திறந்துவிட்டுப் போகலாம் என்று அப்போது தோன்றியது உண்மைதான். வீடு வந்தது. திறந்துவிட்டுப் போகத்தான் மனம் வரவில்லை. இது புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனுடைய அப்பாவும் பால் மரம் வெட்டியவர்தான். அவரே ஒரு திருமண வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை மேடைக்கு மட்டும் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்களே, ஏறக்குறைய 590,000 பயனீட்டாளர்களுக்கு. முன்கூட்டியே அறிவித்தார்கள். என் வீட்டில் இரண்டு தோம்பும் குளியலறைத் தொட்டியும் நிரம்பி இருந்தன. அண்ணன் வீட்டில் மினரல் வாட்டர் போத்தல்கள் இருந்தன, கழிவறைக்கு ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு யார் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்கள் என்று குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தோட்டத்துப் புத்தி நாறவில்லை. "நான் பில் கட்டுகிறேன்" என்று அன்றைக்குக் குழாயிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

நான் வாளியை நிரப்பித்தான் கொடுத்தேன். அவர் மனைவி, பாவம், நல்ல தங்கச்சி, இன்றைக்கும் அதை நினைத்துப் பேசுவார். நாளைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். எனக்கு அந்தத் தண்ணீர் மேல் பாத்தியதை இருப்பதாக அப்போதும் தோன்றவில்லை. என் தோம்பில் இருந்தது, அவருக்குத் தேவைப்பட்டது, போனது. "என் தண்ணீர்" என்று நானும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குழுவிலிருந்து நான் விலகப் போவதில்லை. என் படத்தையும் அழிக்கப் போவதில்லை. இங்கே பின்னூட்டத்தில் "அக்கா, ஒரு கார் கழுவியதற்கா இவ்வளவு பெரிய பதிவு" என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். கூடவே உங்கள் கடைசி தண்ணீர் பில்லையும் படமெடுத்துப் போடுங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துக்கொள்ளலாம், எத்தனை கன மீட்டர், வீட்டில் எத்தனை பேர் என்பது தெரிந்தால் போதும். என்னுடையதை முதல் பின்னூட்டமாகப் போட்டுவிட்டேன்.