பணம் யார் கையில், பேச்சு யார் பக்கம்

குடும்பக் கதைகளில் வறுமை வரும்போதெல்லாம் ஒரு சௌகரியமான ஏற்பாடும் கூடவே வந்துவிடுகிறது. ஏழை வீட்டில் பாசம் இருக்கும், பணக்கார வீட்டில் அது இருக்காது. பணம் வந்ததும் அண்ணன் மாறிவிடுவான், பணம் போனதும் மனைவியின் உண்மையான குணம் வெளிப்படும். இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. யாங்கோனில் (பழைய ரங்கூனில்) வாழும் தமிழ்க் குடும்பம் எதுவும் இதை நம்பிவிட முடியும் என்றும் தோன்றவில்லை. ஒரு கதை பணத்தைப் பற்றி உண்மை பேசுகிறதா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த வீட்டில் யார் யாரிடம் காசு கேட்க வேண்டியிருக்கிறது, கேட்ட பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசும் விதம் என்ன ஆகிறது என்பதை எழுதியவர் காட்டியிருக்கிறாரா?

பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சலானவர்கள். நம் கோயில் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் ஒப்பிக்கும் ஔவையின் நல்வழியில், கைப்பொருள் இல்லாதவனை ‘இல்லாளும் வேண்டாள் மற்று ஈன்றெடுத்த தாய்வேண்டாள்’ என்று வருகிறது. குறளும் தன் பங்குக்கு, நல்குரவு அதிகாரத்தில், அறத்தோடு சேராத வறுமைக்கு ஆளானவனைப் பெற்ற தாயே அயலானைப்போலப் பார்ப்பாள் என்கிறது. எட்டு வயதுக் குழந்தை இதை ராகம் போட்டுச் சொல்லும்போது, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் தாயைக்கூடக் கணக்குக்கு வெளியே நிறுத்தாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பிற்காலத் தொடர்கதைகள் முதலில் செய்த காரியம் அம்மாவுக்கு மட்டும் விலக்கு அளித்ததுதான்.

1934இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையைக் கற்பைப் பற்றிய கதையாகவே எல்லோரும் பேசுகிறார்கள்; கடைசி வரியின் சூடு அப்படிப் பேசவைக்கிறது. நான் அதைக் கணவன் மனைவியின் வரவுசெலவுக் கதையாகவே படிக்கிறேன். வண்டி குடைசாய்ந்து அடிபட்டுக் கிடக்கும் முருகேசன் பால்கஞ்சிக்கு ஆசைப்படுகிறான், அம்மாளுவிடம் காசில்லை, அவள் இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அந்தச் சந்தைவிட, அதற்கு அப்புறம் எழுதப்படாமல் போன காட்சிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கஞ்சிக்குக் காசு ஏது என்று முருகேசன் கேட்டானா, கேட்டிருந்தால் அவள் என்ன பொய் சொல்லியிருப்பாள், அந்தப் பொய்யை அவன் நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பானா? இல்லாத வீடுகளில் பல உறவுகள் இப்படிக் கேட்காமல் விட்ட கேள்விகளின் மேல்தான் நின்றுகொண்டிருக்கின்றன. அதைப் பாசம் என்று சொல்வதா, கோழைத்தனம் என்று சொல்வதா என்று எனக்கே பிடிபடுவதில்லை.

புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ இதே விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. எழுத்தாளர் முருகதாசருக்கும் மனைவி கமலத்துக்கும் இடையில் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் பேசிக்கொள்ளும்போது மட்டும், எங்கே தொடங்கினாலும் பேச்சு கடன்காரனிடம் போய் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்த நண்பரிடம் முருகதாசர் கடன் கேட்கும் இடத்தில், அதுவரை நண்பர்களாகப் பேசிய இருவரும் ஒரு நொடியில் கேட்பவரும் கொடுப்பவருமாக ஆகிவிடுகிறார்கள். கண்ணீரே வராத கதை. இருந்தும் மாதக் கடைசியில் அதைப் படிக்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

ஏழை வீட்டின் தாராளத்தை நம்பும்படி எழுதவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ எழுதப்பட்டிருக்கிறதே. தீபாவளிக்கு வந்து சேரும் அநாதைச் சிறுவன் ராஜாவைத் தாயம்மாள் குளிப்பாட்டுகிறாள், எண்ணெய் தேய்க்கிறாள், அதற்குமேல் அவன் உடுத்த ஒரு துணி வேண்டுமே என்று தடுமாறுகிறாள். கணவனுக்கென்று வைத்திருந்த துண்டு அவனுக்குப் போகிறது. அந்த வீட்டில் எத்தனை துணி இருக்கிறது, ஒவ்வொன்றும் யாருக்கு என்பதை முதலிலேயே நமக்குத் தெரிவித்துவிட்ட பிறகுதான் அழகிரிசாமி அந்தத் துண்டைக் கொடுக்கவைக்கிறார். அதனால் நமக்கு அதன் விலை தெரிகிறது. விலையைச் சொல்லாமல் ஏழையைக் கொடையாளி ஆக்கும் கதைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பசித்தவர்களுக்கு வசதியுள்ளவர்கள் கொடுக்கும் நற்சான்றிதழ் அது.

இனி பணமுள்ள வீடு. அதைப் பற்றி எழுத நம்மூர் வரலாற்றைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நெல் விலை விழுந்த 1930களில் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலங்களால், 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் கையில் இருந்தது. (அந்த நிலங்களை இழந்த பர்மியக் குடும்பங்களுக்குள் அண்ணன் தம்பிகள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதிய கதை எதையும் நான் படித்ததில்லை. படிக்க ஆசை.) வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, உதவியாளான அடுத்தாளாகி, பொறுப்பாளரான மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை கிட்டங்கி என்னும் கடைக் கட்டடம்தான் ஒருவனுக்கு வீடு, மனைவி கடலுக்கு அந்தப் பக்கம். செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே பெரிய வீட்டுக்குள் அவனுக்குத் தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுத்து ‘வேறு வைக்கும்’ வழக்கத்தை வெளியார் பாசக்குறைவு என்று நினைப்பதுண்டு. எனக்கு அது பின்னால் வரப்போகும் சண்டையை முன்கூட்டியே தீர்த்துவைத்த புத்திசாலித்தனமாகப் படுகிறது. கணக்கை வெளிப்படையாக எழுதிவைக்கும் வீட்டில் மனத்தாங்கலுக்கு இடம் குறைவு.

அந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ பினாங்கில் நடக்கிறது. ஆனால் அதில் வரும் வட்டிக்கடை ரங்கூனில் இருந்திருந்தாலும் ஒரு வரியும் மாறியிருக்காது. போருக்குப் போய்த் திரும்பிய தன் கடையாள் செல்லையாவுக்கு மகள் மரகதத்தைக் கட்டிக்கொடுக்க வட்டிக்கடை முதலாளி வானாயீனா மறுக்கிறார். அவன் கெட்டவனாகிவிட்டான் என்பதற்காக மறுக்கவில்லை. துப்பாக்கி பிடித்த கை இனி லேவாதேவிக்கு உதவாது என்று கணக்கிட்டு மறுக்கிறார். மகள்மேல் அவருக்குப் பிரியம் இல்லையென்று எந்தப் பக்கத்திலும் சொல்ல முடியாது. அந்தப் பிரியமே தொழிலின் மொழியில்தான் யோசிக்கிறது, அவரால் வேறு மொழியில் யோசிக்க இயலவில்லை. பணத்தாசை பிடித்த தகப்பன் என்ற பொம்மையைச் செய்வது எளிது. இப்படி ஒரு மனிதரைச் செய்வது கடினம்.

பர்மாத் தமிழரைப் பற்றி நான் படித்த கதைகளிலும் நினைவுக்குறிப்புகளிலும் பணம் பெரும்பாலும் ‘இழந்தது’ என்ற ஒரே வேடத்தில்தான் வருகிறது. ஜப்பான் படையெடுத்த 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போனார்கள், இழந்தார்கள்; 1964இல் கடைகள் அரசுடைமையாகின, இழந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இழப்புக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது? 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள், ஈடு எதுவும் இல்லாமல், செல்லாமல் போயின. 1987இல் அப்படி ஆனபோது என் அம்மா அரசைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. அப்பாவைத்தான் திட்டினார். சீட்டு எடுத்த பணத்தை அன்றைக்கே பவுனாக்கச் சொன்னதைக் கேட்காமல், உளுந்து கொள்முதலுக்கு என்று நோட்டாகவே வைத்திருந்தது அப்பா செய்த குற்றம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தத் தீர்மானமும் அம்மாவின் ஒப்புதல் இல்லாமல் நடக்கவில்லை. நாட்டு நடப்பு அடுப்படியில் வந்து இப்படித்தான் தீர்ப்பாகிறது, அதை எழுதத்தான் நாவல் இருக்கிறது.

கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்கும் இங்கேயே தங்கியவர்களுக்கும் இடையில் நடந்ததும் அப்படிப்பட்டதுதான். தம்பிக்கு அங்கே காலனியில் வீடும் தொழிலுக்குக் கடனும் கிடைத்துவிட்டது என்று இங்கே நினைத்தார்கள். அண்ணன் அப்பாவின் சொத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறான் என்று அங்கே நினைத்தார்கள். இரண்டு பக்கமும் கஷ்டம்தான். கடிதங்களில் இருவரும் நலம், நலமறிய ஆவல் என்றே எழுதிக்கொண்டதால், ஒருவர் கேட்டும் மற்றவர் கொடுக்காத பணமாக அது இருவர் மனத்திலும் வளர்ந்தது. உண்மையில் யாரும் யாரிடமும் கேட்கவே இல்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைப் படித்தபோதும் இதே கேள்வியோடுதான் படித்தேன். பெற்றோர் விரும்பாத ஆட்டோ ஓட்டுநரை மணந்த ரேவதி தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும்போது, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று தகப்பன் நிற்கிறார். பணம் இருக்கிறது, கொடுக்க மனமும் இருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியவள் கைநீட்டும் நிலையைத் தாண்டிவிட்டாள். அவ்வளவு நாள் கொடுக்காமல் வைத்திருந்ததற்கான காரணங்களை அந்த வார்டு வாசலில் குடும்பமே தனித்தனியாகச் சொல்லிப் பார்க்கிறது, ஒன்றும் எடுபடுவதில்லை.

எல்லாவற்றையும் காசாகப் பார்ப்பது கொச்சையில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நம்பாதவரிடம் யாரும் கடன் கேட்பதில்லை. ஆகவே கேட்பதும் உறவின் ஒரு பகுதிதான், அதை மறைத்து எழுதுவதுதான் எனக்குக் கொச்சையாகத் தெரிகிறது. இப்போது நம் பிள்ளைகள் மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்புகிறார்கள். மாதாமாதம் அனுப்பும் தம்பியிடம், அவனை நேற்றுவரை ‘என்னடா’ என்று கூப்பிட்ட அண்ணன், தொலைபேசியில் ‘சொல்லுப்பா, நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செஞ்சிடலாம்’ என்கிறார். பிறந்த வரிசையையே பணம் மாற்றிவிடுகிறது. ஆனால் அதே சிங்கப்பூரில் வீட்டுவேலை செய்து, அதைவிட அதிகமாக அனுப்பும் அக்காவுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. அவள் பணத்தில் கட்டிய வீடு தம்பி பெயரில் எழுதப்படும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் குறைவு. சொன்னால் அனுப்புவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில், எழுதிய பிறகும் பல மாதம் சொல்லாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பணம் கையில் இருந்தும் பேச்சு தன் பக்கம் வராத அந்த அக்காவை மையமாக வைத்து நம்மில் யாராவது எழுதியிருந்தால், இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.