இறங்க மறுத்த கியர் குமிழ்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கியர் தண்டு நுனியில் கைப்பிடியாக இருக்கும் குமிழைக் கழற்றுவதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகிவிட்டன. இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்றுவரும் வெறும் திருகு மரைதான் அது. ஆனால் முன்பு அந்தக் காரை வைத்திருந்த யாரோ ஒருவர், குமிழ் ஆடுகிறது என்பதற்காக மரை முழுவதும் பசையை ஊற்றி இறுக்கியிருக்கிறார். ஒரு சொட்டு போதும் என்ற இடத்தில் குப்பியையே கவிழ்த்தவரை எப்படி மன்னிப்பது?

துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தால் தோலுறை மட்டும் சுழன்று, அதன் தையல் ஓரமாகப் பிரிந்தது. உள்ளே இருந்த குமிழோ அசையவே இல்லை. முடி உலர்த்தும் கருவியால் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகுதான் பசை இளகி, ‘டக்’ என்ற ஒலியோடு அது வழிக்கு வந்தது.

அதோடு முடிந்ததா? “எல்லாக் காருக்கும் பொருந்தும், அண்ணே” என்று கடைத்தம்பி கொடுத்த புதிய குமிழ் இரண்டு சுற்றுக்கு மேல் இறங்கவில்லை. என் காரின் தண்டு 10 மில்லிமீட்டர் பருமன், மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், அவர் கொடுத்ததோ ஹோண்டா கார்களுக்குரிய 1.5. கால் மில்லிமீட்டர்தானே என்று பலவந்தமாகத் திருகினால் தண்டின் மரையே அழிந்துவிடும். அந்த அளவைப் பெட்டியின்மேல் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? இப்போது வெறும் இரும்புத் தண்டைப் பிடித்துத்தான் கியர் மாற்றுகிறேன். நண்பகல் வெயிலில் அது உள்ளங்கையைச் சுடுகிறது.